பழங்கத்தி என்னும் ஆசான்



என் மேசை இழுப்பறையில் வெள்ளைத் துணியில் சுற்றிய சிறு பொருள் ஒன்று இருக்கிறது. ஒரு சாண் நீளமும் இல்லாத இரும்புக் கருவி அது. அதன் ஒரு முனையில் எழுத்தாணி. மறுமுனையில் மடக்குக் கத்தி. என் பாட்டனாரின் தந்தையார் திண்ணைப் பள்ளிக்கூடத்து ஆசிரியர். ஓலையை வாரிச் சீராக்கக் கத்தியும், அதன்மேல் எழுத ஆணியும் அவருக்கு வேண்டியிருந்தன. இரண்டையும் இணைத்து, அவர் கைக்கு ஏற்றவாறு, எங்கள் வட்டாரத்துக் கொல்லர் ஒருவர் அடித்துக் கொடுத்தார். அந்தக் கருவிக்கு நான் இழைத்த தீங்கு ஒன்று உண்டு. அதைச் சொல்லவே இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன். அது எத்தகைய தீங்கென்பது உங்களுக்கு விளங்கவேண்டுமானால், பழைய கைவினைக் கத்திகள் எதற்காகப் போற்றப்படுகின்றன என்பதை முதலில் சொல்லவேண்டும்.

முப்பதாண்டுகளுக்கு மேலாக மாணவர் பைகளிலிருந்து கத்திகளைப் பறித்து வைத்த தலைமையாசிரியன் நான். அப்படிப்பட்டவன் கத்தியைப் பற்றிப் பேச வருவது சிலருக்கு நகைப்பை விளைக்கலாம். ஆனால் கத்தி முதன்முதலில் ஒரு கருவி. பழம் நறுக்கவும், கயிறு அறுக்கவும், எழுதுகோல் சீவவும் மனிதன் கண்ட துணை. அந்தக் கண்ணோடுதான் இங்கே அதைப் பார்க்கப் போகிறோம்.

தொழிற்சாலையில் செய்த கத்திகள் ஆயிரமும் ஒன்றுபோல் இருக்கும். கையால் செய்த கத்தி அப்படியன்று. ஒருவர் கேட்கிறார், மற்றொருவர் அவருடைய கையின் அளவையும், செய்யப்போகும் வேலையையும் எண்ணி, அவருக்கென்றே ஒன்றைச் செய்து தருகிறார். இவ்வாறு செய்த பழைய கத்திகளைத் தேடிச் சேர்ப்பதும் ஆராய்வதும் அமெரிக்க நாட்டில் ஒரு கல்வியாகவே வளர்ந்திருக்கின்றன. அங்கே பொறியாளராகப் பணிபுரியும் என் பழைய மாணவர் ஒருவருக்கு இதில் பேரார்வம். அவர் விடுமுறைக்கு வந்தபோது சொன்ன செய்திகளும், கொடுத்துச் சென்ற நூல்களுமே எனக்கு இத்துறையைத் திறந்து காட்டின.

அந்நாட்டின் மிச்சிகன் மாநிலத்தில் வில்லியம் ஸ்கேகல் என்றொரு கத்திவினைஞர் வாழ்ந்தார். ஊரோடு ஒட்டாமல் தனித்திருந்து தொழில் செய்தவர். தோல் வில்லைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இடையிடையே பித்தளைத் தகடுகளைச் செருகி, கடைசியில் மான்கொம்பு பொருத்தி அவர் அமைத்த கைப்பிடிகள் இன்றும் பார்த்தவுடன் அடையாளம் தெரிவன. வளைந்து நெளிந்த குறுவாள் ஒன்றின் வடிவத்தை அவர் தம் முத்திரையாக அலகில் பதித்தார். அவர் 1963-இல் மறைந்தார். பள்ளிக்கூடம் எதுவும் நடத்தவில்லை. ஆனாலும் அந்நாட்டுக் கைவினைக் கத்தித் தொழிலுக்கு அவரே முதல் ஆசிரியர் என்கிறார்கள். அது எவ்வாறு என்பதைக் கேளுங்கள்.

1937-ஆம் ஆண்டு. மிச்சிகனில் வாலூன் ஏரிக்கரையில் ஒருவர் தம் படகின் பழைய வண்ணப்பூச்சைக் கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தார். புளோரிடா மாநிலத்து ஆரஞ்சுத் தோட்டக் குடும்பத்தைச் சேர்ந்த வால்டர் டோன் ராண்டல் என்பவர் அதைக் கண்டார். அத்தனை முரட்டு வேலைக்குப் பின்னும் அக்கத்தியின் வாய் மழுங்கவில்லை. அவர் வியந்தார். அது ஸ்கேகல் செய்த கத்தி. ராண்டல் அதை விலைக்கு வாங்கினார். வீட்டுக்குக் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்னர், மோட்டார் வண்டியின் வில்பட்டையிலிருந்து தாமே ஒரு கத்தியைச் செய்ய முற்பட்டார். நம் நாட்டுக் கொல்லர்களும் லாரிப் பட்டையிலிருந்து அரிவாள் அடிப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நல்ல எஃகு எங்கே கிடைக்கும் என்பது உலகெங்கும் தொழிலறிந்தவர்க்குத் தெரிந்த ஒன்றுதான். இப்படித் தொடங்கிய ராண்டலின் பட்டறை, ஆர்லாண்டோ நகரில் பெரும்புகழ் பெற்று வளர்ந்தது.

அந்தப் பட்டறையின் கத்தி எத்தகையது என்பதற்கு ஒரு சான்று. அமெரிக்காவின் முதல் விண்வெளி வீரர்களுக்கென ராண்டல் ஒரு கத்தியைச் செய்து கொடுத்தார். 1961 ஜூலையில் கஸ் கிரிஸம் என்னும் வீரர் விண்ணுக்குச் சென்று மீண்டு, அட்லாண்டிக் கடலில் வந்து இறங்கினார். கலத்தின் கதவு எதிர்பாராமல் திறந்துகொள்ள, நீர் புகுந்தது. வீரர் உயிர் தப்பினார். 'லிபர்ட்டி பெல் 7' என்னும் அக்கலம் மூழ்கியது. முப்பத்தெட்டு ஆண்டுகள் கழித்து, 1999-இல், 4,500 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்திலிருந்து அதை மேலே எடுத்தார்கள். உள்ளே அந்தக் கத்தியும் இருந்தது, சிதைந்து போகவில்லை.

இனி மூன்றாம் தலைமுறை. 1953-ஆம் ஆண்டின் இறுதியில் ராபர்ட் லவ்லெஸ் என்னும் இளைஞர், கப்பலில் பணிபுரிந்தவர், நியூயார்க்கில் ஓர் அங்காடிக்குச் சென்று ராண்டல் கத்தி வேண்டுமென்று கேட்டார். ஒன்பது மாதம் காத்திருக்க வேண்டும் என்று விடை வந்தது. அவ்வளவு காலம் பொறுக்க மனமில்லாத இளைஞர், பழைய வண்டிகளைக் குவித்திருந்த ஓரிடத்தில் 1937-ஆம் ஆண்டு பேக்கார்டு காரின் வில்பட்டை ஒன்றைத் தேடியெடுத்துத் தாமே கத்தி செய்துகொண்டார். அவரே பிற்காலத்தில் அந்நாட்டின் தலைசிறந்த கத்திவினைஞருள் ஒருவரானார், 2010-இல் மறைந்தார். தொழில் நுணுக்கங்களை ஒளித்து வைக்காமல், 1977-இல் மற்றொருவரோடு சேர்ந்து, கத்தி செய்யும் முறைகளை ஒரு நூலாகவே வெளியிட்டார்.

ஸ்கேகலின் கத்தி ராண்டலைத் தூண்டியது. ராண்டலின் கத்தி லவ்லெஸைத் தூண்டியது. ராண்டல் அந்த முதற் கத்தியைக் கையில் எடுத்தபோது அதைச் செய்தவர் அருகில் இல்லை. விளக்கம் சொல்ல எவரும் இல்லை. கத்தியே பாடம் சொன்னது. அலகு எவ்விடத்தில் தடித்து எவ்விடத்தில் மெலிகிறது, முதுகு எங்கே சரிகிறது, பிடி உள்ளங்கையில் எவ்வாறு அமைகிறது என்பனவெல்லாம் அதிலே எழுதப்பட்டிருந்தன. படிக்கத் தெரிந்தவன் படித்தான். ஆதலின் பழங்கத்தியை நான் ஆசான் என்கிறேன்.

இந்த ஆசானிடம் பாடம் கேட்பவர் எவற்றைப் பார்க்கிறார்கள்? முதலில் முத்திரை. ஒரே வினைஞர் தம் வாழ்நாளில் பல முத்திரைகளைக் கையாண்டிருப்பார். அவற்றின் வேறுபாட்டைக் கொண்டு கத்தியின் காலத்தைக் கணிக்கிறார்கள். அடுத்தது உறை. உறையைத் தைத்த பட்டறையின் பெயர் தோலில் பதிந்திருந்தால், அதுவும் காலத்தைக் காட்டும். ஆயினும் கத்தியை உறைக்குள்ளேயே ஆண்டுக்கணக்கில் வைத்திருப்பது தவறு. தோல் பதனிடும் பொருள்களும் தோல் இழுக்கும் ஈரமும் இரும்பை அரித்துவிடும். கத்தியை வெளியே எடுத்து, எண்ணெயோ மெழுகோ மெல்லிதாகப் பூசித் தனியே வைக்கிறார்கள்.

மூன்றாவது, அலகின் நிறம். பல்லாண்டு பயன்பட்ட எஃகின்மேல் கருநீலமும் சாம்பலும் கலந்த ஒரு படலம் படியும். அது அழுக்கன்று, முதுமையின் நிறம். செந்துரு வேறு, அது இரும்பைத் தின்னும், அதை நிறுத்தவேண்டும். இந்த இரண்டையும் வேறுபடுத்தி அறியாமல் கத்தியைத் தேய்த்துப் பளபளப்பாக்குபவரைச் சேகரிப்போர் மிகவும் அஞ்சுவர். அவர் தேய்த்தெடுப்பது கறையை மட்டுமன்று. முத்திரையின் கூர்மையையும், வினைஞரின் அரம் ஓடிய தடத்தையும், அலகின் உண்மையான வடிவத்தையும் சேர்த்தே தேய்த்துவிடுகிறார்.

விலை ஏறும் இடத்தில் போலியும் புகும். பழைய வினைஞரின் முத்திரையைப் புதுக் கத்தியில் பதித்து விற்பவரும் உண்டு. அதனால்தான் கத்தியோடு சேர்ந்த பழைய கடிதம், பற்றுச்சீட்டு, நிழற்படம் ஆகியவற்றையும் கண்ணுங்கருத்துமாகக் காக்கிறார்கள். வரலாறு தெரிந்த கத்திக்கே மதிப்பு மிகுதி.

கையால் அடித்த கத்தியின் உள்ளே இருக்கும் அறிவியலையும் சிறிது பார்ப்போம். வில்லியம் மொரான் என்பவர் மேரிலாந்து மாநிலத்துக் கொல்லர். இருவகை இரும்புகளை அடுக்கி, உலையில் காய்ச்சி, ஒன்றாக அடித்து, மடித்து, மீண்டும் அடித்தால் அலகில் நீரோட்டம் போன்ற வரிகள் தோன்றும். இந்த வேலையைச் சொல்லிக்கொடுக்க ஆள் கிடைக்காமல், அவர் தாமே பலகால் முயன்று கண்டறிந்தார். அவ்வாறு செய்த கத்திகளை 1973-இல் வினைஞர்களின் கண்காட்சியில் வைத்து எல்லோரையும் வியக்கவைத்தார். கண்டறிந்ததைத் தம்மோடு வைத்துக்கொள்ளவில்லை. 1976-இல் அமெரிக்கக் கத்திக் கொல்லர் சங்கத்தைத் தோற்றுவித்தார். 1988-இல் ஆர்கன்சா மாநிலத்தின் வாஷிங்டன் என்னும் சிற்றூரில் இத்தொழிலுக்கென ஒரு பள்ளியும் திறக்கப்பட்டது. மொரான் 2006-இல் மறைந்தார்.

அந்தச் சங்கம் வைத்த தேர்வைக் கேளுங்கள். மாணவர் தாம் அடித்த கத்தியால், தொங்கவிட்ட ஓர் அங்குலப் பருமனுள்ள கயிற்றை ஒரே வீச்சில் அறுக்கவேண்டும். பின்னர் அதே கத்தியால் ஒரு மரச்சட்டத்தை இருமுறை வெட்டித் துண்டாக்கவேண்டும். அத்தனைக்கும் பிறகு, அதே வாயால் முன்கை மயிரை மழிக்கவேண்டும். கடைசியில் அலகைப் பற்றிரும்பில் பிடித்து 90 பாகை வளைக்கவேண்டும். அலகு இரண்டாக ஒடியக்கூடாது. வாய் கடினமாயிராவிட்டால் மழிக்காது. முதுகும் அதே கடினமாயிருந்தால் வளைக்கும்போது ஒடிந்துபோகும். ஒரே இரும்புத் துண்டில் கடினத்தையும் நெகிழ்வையும் இடமறிந்து வைப்பது, காய்ச்சித் தோய்க்கும் திறமையில் அடங்கியிருக்கிறது. எங்கள் பள்ளிகளில் நாங்கள் வைத்த தேர்வுகள் இவ்வளவு நேர்மையானவை அல்ல என்று எனக்குத் தோன்றியதுண்டு.

இப்போது நம் நாட்டின் பக்கம் திரும்புவோம். மொரான் செய்தது இரும்புகளை இணைத்து வரி தோற்றுவிக்கும் முறை. அதனினும் வேறான, புகழ்பெற்ற வரியெஃகு ஒன்று உண்டு. அதன் பிறப்பிடம் தென்னிந்தியா. சேலம் வட்டாரம் முதலிய இடங்களில் கொல்லர்கள் தேனிரும்புத் துண்டுகளை ஆவாரங்குச்சிகளோடு சிறு மண்மூசையில் இட்டு, எருக்கிலை போன்ற இலைகளால் மூடி, வாயைக் களிமண்ணால் அடைத்து, துருத்தியூதி உலையில் வேகவைத்தார்கள். விறகின் கரி இரும்பில் கலக்க, நல்லெஃகுக் கட்டி கிடைத்தது. நாம் உருக்கு என்றோம். கன்னடத்தார் உக்கு என்றனர். ஆங்கிலேயர் வூட்ஸ் என்று எழுதினர். இக்கட்டிகள் கடல்கடந்து மேற்காசியாவுக்குச் சென்று, டமாஸ்கஸ் வாள் என்று பெயர்பெற்ற வாள்களாயின. அந்த அலகுகளில் இயற்கையாகவே நீரலை போன்ற வரிகள் தோன்றின.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்தக் கலை மறைந்தது. மறைவதற்கு முன்பே அதன் மறைபொருளைத் தேட உலகம் முனைந்து நின்றது. ஜார்ஜ் பியர்சன் 1795-இல் லண்டன் ராயல் சங்கத்தில் நம் எஃகைப் பற்றிய ஆராய்ச்சியைப் படித்தார். கொல்லரின் மகனாகப் பிறந்த மைக்கேல் ஃபாரடே, 1819-இல் அதை ஆராய்ந்து ஒரு விடை கூறினார். அவ்வளவு பெரிய அறிஞரின் அந்த விடையும் பிழையாகவே முடிந்தது. வரிகளின் காரணம் நெடுங்காலம் விளங்கவில்லை.

அதை விளங்கவைத்தது ஒரு சேகரிப்பாளரின் கொடை. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஹென்றி மோசர் என்னும் பயணி, கீழைநாட்டுப் படைக்கலங்களை அரிதின் முயன்று சேர்த்து, 1914-இல் பெர்ன் நகர அருங்காட்சியகத்துக்கு வழங்கினார். அவற்றுள் சில அலகுகளை வெட்டி ஆராய ஒரு அறிஞருக்கு ஒப்புதல் கிடைத்தது. சோக்கே என்பது அவர் பெயர். அவர் ஆய்வு 1924-இல் வெளிவந்தது. வெட்டிய துண்டுகளின் மீதியை அவ்வருங்காட்சியகம் எறிந்துவிடவில்லை, பாதுகாத்து வைத்தது. எழுபதாண்டுகளுக்குப் பின், அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஜான் வெர்ஹோவன் அத்துண்டுகளைக் கேட்டுப் பெற்றார். அவரோடு இணைந்து உழைத்தவர் ஆல்பிரட் பென்ட்ரே, புளோரிடாவில் குதிரைகளுக்கு லாடம் அடித்தவர், கையால் கத்தி செய்தவர், 2017-இல் மறைந்தார். பேராசிரியர் பழைய துண்டுகளை ஆராய்ந்தார்; லாடக்காரர் உலையில் மீண்டும் மீண்டும் எஃகு காய்ச்சிப் பார்த்தார். முடிவில் 1998-இல் விடை வெளிவந்தது. கனிமத்தில் இயல்பாகக் கலந்திருந்த வனேடியம் போன்ற தனிமங்கள், நூற்றில் ஆயிரத்திலொரு பங்கு என்று எண்ணத்தக்க நுண்ணளவில் இருந்து, அந்த வரிகளைத் தோற்றுவித்தன என்று கண்டார்கள். அத்தகைய கனிமம் கிடைத்த இடங்கள் வறண்டபோது, கொல்லர்கள் தாம் ஏன் தவறுகிறோம் என்று அறியாமலே கலையை இழந்திருக்கலாம் என்பது அவர்கள் கருத்து.

எண்ணிப் பாருங்கள், மாணவர்களே! மோசர் அந்த வாள்களைச் சேர்க்கும்போது வனேடியத்துக்கும் வாளின் வரிகளுக்கும் உள்ள தொடர்பை எவரும் கனவிலும் கருதவில்லை. அவர் செய்ததெல்லாம், கெடுக்காமல் வைத்தது ஒன்றுதான். கேள்வி பிறப்பதற்கு முன்பே விடை காக்கப்பட்டிருந்தது.

இனி என் குற்றத்தைச் சொல்கிறேன். நான் ஆசிரியப் பயிற்சி முடித்து முதன்முதலாகப் பணியேற்ற ஆண்டு. முன்னோர் கருவியை என் மேசைமேல் வைத்து மாணவருக்குக் காட்டவேண்டும் என்று ஆசை எழுந்தது. அது கறுத்து, மங்கி இருந்தது. அழகுபடுத்த எண்ணி, தெருவில் வந்த சாணைக்காரரிடம் கொடுத்தேன். அவர் சக்கரத்தைச் சுழற்றினார், பொறி பறந்தது, கால்மணி நேரத்தில் கருவி வெள்ளிபோல் மின்னியது. நான் மகிழ்ந்து கூலிக்கு மேலும் கொடுத்தேன். அவர்மேல் பிழையில்லை; கேட்டதைச் செய்தார்.

இருபதாண்டுகளுக்குப் பின், எங்கள் ஊர்ச் சந்தையில் எண்பது வயது கடந்த கொல்லர் ஒருவரைச் சந்தித்தேன். கருவியை அவர் கையில் கொடுத்து, "ஆசாரியாரே, இது யார் செய்தது என்று சொல்லமுடியுமா?" என்று கேட்டேன். அவர் அதை மடக்கினார், விரித்தார், விரலால் தடவினார்.

"வாத்தியாரையா, இதைச் சாணையில் கொடுத்துவிட்டீர்களே! ஆணிக்குப் பக்கத்தில் குறி இருந்திருக்குமே?" என்றார்.

இருந்தது. சிறுவயதில் பார்த்திருக்கிறேன். சில புள்ளிகளும் ஒரு கீற்றும்.

"மூன்று புள்ளியா, நான்கா?" என்று அவர் கேட்டார். நான் நெடுநேரம் நினைத்துப் பார்த்தேன். மூன்று என்று ஒருகணம் தோன்றியது. நான்கு என்று மறுகணம் தோன்றியது.

"நான்கு என்றால் ஆற்றுக்கு அக்கரை வீட்டார் குறி. மூன்று என்றால் எங்கள் வீட்டுக் குறி. என் தாத்தா இம்மாதிரி எழுத்தாணி அடிப்பார் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன், ஒன்றையும் நான் பார்த்ததில்லை," என்றார் பெரியவர்.

அவர் அந்தக் கருவியை உடனே திருப்பித் தரவில்லை. வெளிச்சத்தை நோக்கிச் சாய்த்து, ஆணியருகே நெடுநேரம் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே வழவழப்பான இரும்பைத் தவிர வேறொன்றும் இல்லை. பிறகு என் கையில் வைத்து, "எண்ணெய் தடவி வையுங்கள்," என்றார். தம் பாட்டனாரின் கைவேலையைத்தான் அவர் தொட்டுப் பார்த்தாரா, அல்லவா? அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. நான் கூலிகொடுத்து அழித்தது, அந்த ஒரு விடையை.

இளைஞர்களே, நீங்கள் அரும்பொருள் விலைகொடுத்து வாங்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. உங்கள் வீட்டுப் பரணிலும் அடுக்களை மூலையிலும் பாக்குவெட்டியோ, அரிவாள்மணையோ, பழைய எழுத்தாணியோ கிடக்கக்கூடும். பெரியவர் துணையோடு அதை எடுத்துப் பாருங்கள். சாணையிலும் உப்புத்தாளிலும் கொடுக்கவேண்டாம். செந்துரு இருந்தால் எண்ணெயில் நனைத்த துணியால் மெல்லத் துடைத்தால் போதும். குறி இருந்தால் அதைத் தாளில் அப்படியே வரைந்துகொள்ளுங்கள், புள்ளிகளை எண்ணிக்கொள்ளுங்கள். யார் செய்தது, யாருக்காகச் செய்தது, எதற்குப் பயன்பட்டது என்பதைப் பாட்டியிடம் கேட்டு எழுதி, அந்தத் தாளைக் கருவியோடு சேர்த்து வையுங்கள். உங்கள் ஊரில் இன்னும் உலை ஊதும் முதியவர் இருந்தால், அடுத்த விடுமுறைக்குக் காத்திராமல் இந்த வாரமே சென்று பேசுங்கள். கருவி காத்திருக்கும், மனிதர் காத்திருப்பதில்லை.

நான் சந்தையில் கண்ட அந்தப் பெரியவர் இப்போது இல்லை. அவர் சொன்னபடி, திங்கள்தோறும் அந்த எழுத்தாணிக்கு எண்ணெய் தடவி வருகிறேன். பல்லாண்டு சென்றபின் அலகு மறுபடியும் கறுக்கத் தொடங்கியிருக்கிறது. அதனோடு ஒரு தாளும் வைத்திருக்கிறேன். அதில் என் முன்னோரின் பெயரும், சாணையில் கொடுத்த ஆண்டும், கொல்லர் கேட்ட கேள்வியும் எழுதியிருக்கின்றன. கொல்லர் பெயர் எழுதவேண்டிய இடம் வெறுமையாக இருக்கிறது. உங்கள் வீட்டுத் தாளில் அந்த இடம் வெறுமையாக இருத்தல் கூடாது என்பதே என் விருப்பம்.